மடியில் மணல் வாளி

1996ஆம் ஆண்டு ஜூலை 8, திங்கட்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த வாகனப் பாதுகாப்பு வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்குள் ஒரு வெள்ளைக் காரை ஐந்து பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். காரில் பழுது எதுவும் இல்லை.

தள்ளியவர்களில் ஒருவர் அந்தக் காரின் டிரைவர் நேசையன். மற்ற நால்வரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கையை வைத்தார்கள். அப்படித்தான் உத்தரவு.

கார் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி ஷெட் நடத்திவந்த மரகதவல்லி அம்மாளுடையது. சரியாகச் சொன்னால் அவருடைய தம்பி கண்ணபிரானுடையது. சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், கப்பலில் காரையும் கொண்டுவந்தார். வந்த வேகத்தில் பம்பாயில் வேலை கிடைத்து, காரை அக்கா பொறுப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டார். சாவி நேசையன் கைக்கு வந்தது.

நேசையன் இருபது வருஷமாக அம்பாசடர் ஓட்டியவர். புதுக் காரின் ஸ்டியரிங் அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மேடு இருந்தது. யாரோ ஒருவன் தன் நெஞ்சுக்கு நேரே குத்தவைத்து உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவருக்குப் பட்டது. இடது பக்கச் சீட்டுக்கு முன்னாலும் அதேபோல் ஒன்று. கண்ணபிரான் பம்பாய்க்குக் கிளம்புவதற்கு முன்பு அதைப் பற்றி விளக்கிச் சொன்னார்.

"பயப்படாதீங்க நேசையன். உள்ள ஒரு பை மடிச்சு வச்சிருக்கு. கூடவே கொஞ்சூண்டு மருந்து, நம்ம பக்கத்து வெடி மாதிரி. கார் பலமா மோதுச்சுன்னா மருந்து பத்தி, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள பை விரிஞ்சிரும். விரிஞ்ச கையோட காத்தும் இறங்கிரும். ஆனா பெல்ட் போட்டிருக்கணும். பெல்ட்டு உங்கள சீட்டோட பிடிச்சு வைக்கும். அப்படிப் பிடிச்சு வச்ச ஆளத்தான் பை தாங்கும். பெல்ட் இல்லன்னா மோதுற வேகத்துல நீங்களே பை விரியுற எடத்துக்குப் போயிருவீங்க. அப்ப அது தலகாணி இல்ல. கழுத உதச்ச மாதிரி இருக்கும், மூஞ்சியில."

நேசையன் இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, தனக்கு முன்னால் வெடி இருக்கிறது. இரண்டு, அதற்கு முன்னால் தன்னைக் கட்டிப்போட வேண்டும். இரண்டுமே அவருக்கு உவப்பாக இல்லை. ஆனால் கழுதை உதைப்பதை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து ஷெட்டுக்குள் காரைத் திருப்பி நிறுத்துவதற்குக்கூட பெல்ட் போட்டுக்கொண்டார்.

வெளியூர்க் கார் உள்ளூரில் ஓட வேண்டுமென்றால் முன் கண்ணாடியில் வாரியத்தின் வில்லை ஒட்டியிருக்க வேண்டும். அதற்காகத்தான் முந்தின வாரம் நேசையன் முதல் தடவையாக வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒரு வண்டியில் எதையெல்லாம் கட்ட வேண்டுமோ அதெல்லாம் கட்டுப் பிரிவைச் சேர்ந்தது: லாரிக் கயிறு, பஸ்ஸின் மேலே போடும் வலை, சீட் பெல்ட். எதெல்லாம் வெடிக்கக் கூடுமோ அதெல்லாம் வெடிப் பிரிவு: டயர், கேஸ் சிலிண்டர், பட்டாசு லோடு. இரண்டு அறைகளும் ஒரே நடையின் இரண்டு பக்கங்களில் எதிரெதிராக இருந்தன. நடையில் மாட்ட வந்த ஒரே மின்விசிறி எந்த அறைக்கு நேரே இருக்க வேண்டும் என்பதில் மனஸ்தாபம் வந்து, இரண்டு பிரிவுகளும் பேச்சை நிறுத்தியிருந்தன. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அது அங்கிருந்து எதிர் அறைக்கு வந்து சேரும்.

கட்டுப் பிரிவின் ஆய்வாளர் அழகியமணவாளன் சுத்தமான மனிதர். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், வேட்டிக் கரையைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார். திருப்திதான். பிறகு அவர் கண் ஸ்டியரிங் மேட்டில் போய் நின்றது. என்னவென்று கேட்டார். மோதினால் விரியும் பை என்று நேசையன் சொன்னார்.

அழகியமணவாளன் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்து விட்டார்.

"பெல்ட் சரி. பெல்ட்ங்கிறது ஒழுக்கம். இந்தப் பை எதுக்கு? இடிக்கிற எண்ணம் இல்லாதவனுக்கு எதுக்குய்யா பை?"

"நமக்கு எண்ணம் இல்ல சார். எதிர வாறவனுக்கு இருக்கலாம்ல."

"எதிர வாறவன் பெல்ட் போட்டிருந்தா அவன் ஏன் இடிக்கான்? இந்த வாரியம் வந்த நாளா பெல்ட் போடுங்க, போடுங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். அது பத்தாதுன்னு சொல்றதுக்கு ஒரு பையா? இந்தப் பை இருக்கே, இது என் பெல்ட்டு மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம்."

பெல்ட்டும் பையும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்று கண்ணபிரான் சொன்னதை நேசையன் தனக்குத் தெரிந்தவரை சொன்னார். சொல்லும்போது, பை எப்படி விரிகிறது என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போது, உள்ளே கொஞ்சம் மருந்து இருக்கிறது, வெடி மாதிரி என்று சொல்லிவிட்டார். வேறு மாவட்டமாக இருந்தால் அது பேச்சோடு போயிருக்கும். இங்கே மருந்து என்றால் என்ன, வெடி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அழகியமணவாளன் காரின் மேலிருந்து கையை எடுத்தார். பின்பக்கமாகவே நடந்து நடையைக் கடந்து, எதிர் அறைக்குள் போனார். மின்விசிறிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று வாட்ச்மேன் பிற்பாடு சொன்னார்.

வெடிப் பிரிவின் ஆய்வாளர் ராக்கப்பன் அதற்கு முன்பு சிவகாசிப் பக்கம் பட்டாசு ஷெட்டுகளைச் சோதித்தவர். அந்த வேலையில் அவர் பார்க்காத விபத்து இல்லை. அதனால் உலகத்தில் உள்ள கட்டுமானங்களை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: மருந்து உள்ள ஷெட், மருந்து இல்லாத ஷெட். வெளியே வந்து காரை எட்ட நின்று ஒரு சுற்று சுற்றினார். சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, நாலு கதவு இருக்கிறது, உள்ளே மருந்து இருக்கிறது.

"ஷெட்டு" என்றார்.

அதன்படி என்ஜினை அணைத்து, செருப்பில்லாமல் தள்ளிக்கொண்டுதான் ஷெட்டை அலுவலக வளாகத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தத் திங்கட்கிழமை அப்படி வந்தது.

விசாரணை வேப்பமரத்தடியில் நடந்தது. மருந்து எம்புட்டு என்று ராக்கப்பன் கேட்டார். தெரியாது என்றார் நேசையன். திரி எங்கே என்று கேட்டார். திரி இல்லை, மோதினால் தானாகப் பற்றும் என்றார் நேசையன். திரி இல்லாமல் தானாகப் பற்றும் மருந்து என்பதைக் கேட்டதும் ராக்கப்பன் இன்னும் இரண்டடி பின்னால் போனார். விரிந்த பை பிறகு என்னவாகும் என்று கேட்டார். உடனே காற்று இறங்கிவிடும் என்றார் நேசையன்.

"காத்து எறங்கிருமா? அப்ப அது பஞ்சர். பஞ்சராகுற பொருள வச்சுக்கிட்டுத்தான் பாதுகாப்புங்கியளோ?"

பை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியது. நேசையனைத் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வாட்ச்மேனை ஒரு நீளமான மூங்கிலால் முன் பம்பரைத் தட்டச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. பலமாகத் தட்டச் சொன்னார். காக்கைகள் பறந்தன, அவ்வளவுதான். ராக்கப்பனின் முகம் இறுகியது. பை இருந்தால் அனுமதியில்லாத வெடி. இல்லையென்றால் இல்லாத பொருளைச் சொல்லி அரசாங்கத்தை ஏமாற்றியது. இரண்டில் எதை ஒப்புக்கொள்கிறாய் என்று நேசையனைக் கேட்டார். தட்டினாலெல்லாம் வராது சார், நெசமாவே மோதணும் என்று நேசையன் சொன்னது அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இந்த இடத்தில்தான் பெல்ட் பற்றிய பேச்சு வந்தது. மருந்து உள்ள ஷெட்டில் ஆளைக் கட்டிவைக்கக் கூடாது. கதவைத் தாழ்போடக் கூடாது. மருந்து பற்றினால் ஆள் ஓட வேண்டும். இது ராக்கப்பன் பல வருஷம் தொண்டை கிழியக் கத்திய விதி. அந்த விதியால் பலர் பிழைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆகவே இந்த வண்டியில் பெல்ட் போட்டு ஓட்டினால் டிரைவரின் லைசென்ஸை நிறுத்திவைப்பேன் என்றார். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழகியமணவாளனும் தன் முடிவைச் சொன்னார். பெல்ட் போடாமல் ஓட்டினால் அதே லைசென்ஸை அவர் நிறுத்திவைப்பார்.

நேசையனுக்கு இருந்தது ஒரு லைசென்ஸ். இரண்டு ஆய்வாளர்களும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு காரை ஓட்ட ஒரு வழியும் அவருக்குத் தெரியவில்லை. லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் என்ன செய்வது என்று அவர் யோசித்ததில்லை. ஓட்டுவதைத் தவிர அவர் வேறெதுவும் செய்ததில்லை.

வழக்கு வட்டார அலுவலர் வேங்கடேசனிடம் போனது. அவர் இரண்டு பிரிவுகளையும் சமமாக நேசித்தவர். ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி இன்னொருவர் மனம் நோகும்படி அவர் நடந்ததே கிடையாது. இரண்டு ஆய்வாளர்களையும் நேசையனையும் எதிரில் நிற்க வைத்து அவர் பேசியது இது:

"பாதுகாப்புன்னா என்ன? எல்லாரும் திருப்தியா இருக்கிறது. கட்டுப் பிரிவுக்கு பெல்ட் உடம்பு மேல இருக்கணும். வெடிப் பிரிவுக்கு ஆளக் கட்டக் கூடாது. ரெண்டும் நியாயம். ஆக, பெல்ட்டத் தோள்ல போட்டுக்கணும். ஆனா பூட்டக் கூடாது. நுனியை எடது கையில பிடிச்சுக்கணும். பாக்கிறவனுக்குப் பெல்ட் இருக்கும். ஓடுறவனுக்குக் கட்டு இருக்காது. இதுல யாருக்குய்யா ஆட்சேபணை?"

இரண்டு பிரிவுகளுக்கும் இல்லை. நேசையன் மெதுவாக, அப்ப கியர் எந்தக் கையால போடணும் சார் என்று கேட்டார். அது என்ஜின் சம்பந்தப்பட்ட விஷயம், இந்த அலுவலகத்துக்கு வராது என்று வேங்கடேசன் சொன்னார்.

தீர்ப்புக்கு நிபந்தனைகள் இருந்தன. காருக்குள் எப்போதும் இரண்டு வாளி மணல் இருக்க வேண்டும். டிரைவர் பருத்திச் சட்டை போட வேண்டும். ஒவ்வொரு கதவும் சாத்தியும் சாத்தாமலும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை மரகதவல்லி அம்மாள் தன் ஷெட்டிலிருந்து பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கதவுகளை உள்ளிருந்து தளர்வாகக் கட்டி நிறைவேற்றினார். பின்சீட்டில் உட்கார்ந்து அந்த முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டே அவர் ராஜபாளையம் பேங்க்குக்குப் போய் வந்தார்.

"நேசையா, போன வருஷம் அம்பாசடர்ல போகையில நான் தூங்கிக்கிட்டுப் போவேன். இப்ப கதவப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். இதுக்குப் பேரு என்ன?"

"பாதுகாப்பும்மா."

"வெளங்கிரும்."

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை காரை வாரியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ராக்கப்பன் உடன் வந்து ஓட்டிப் பார்ப்பார். இதனால் அந்தக் கார் எதற்காக ஓடியதோ இல்லையோ, தன்னைப் பாதுகாப்பாக ஓட்டுகிறார்கள் என்று காட்டுவதற்காகத் தவறாமல் ஓடியது.

நேசையன் ஊருக்குள் ஒரு விதமாகவும் வெளியே ஒரு விதமாகவும் ஓட்டப் பழகினார். தனியாக இருக்கும்போது பெல்ட்டைப் பூட்டினார். ஆள் தெரிந்தால் கழற்றித் தோளில் போட்டார். ஸ்டியரிங்கில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவன் மேல் இருந்த சந்தேகம் குறையவில்லை. ஆனால் வாரியத்தின் மேல் வந்த சந்தேகம் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டதால், ஒப்பிட்டுப் பார்த்தால் அவன் பரவாயில்லை என்று தோன்றத் தொடங்கியது. சீட்டை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருப்பது நல்லது என்று கண்ணபிரானும் சொல்லியிருந்தார்.

அக்டோபர் மாத ஆய்வுக்கு ராக்கப்பன் வந்து முன் சீட்டில் ஏறினார். பெல்ட்டைத் தோளில் போட்டு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். மணல் வாளிகள் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு, மருந்து முன்னால் இருக்கும்போது மணல் பின்னால் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். ஒரு வாளியை எடுத்துத் தரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். இரும்பு வாளி. அவருடைய தாடைக்கும் இடது பக்க மேட்டுக்கும் சரியாக நடுவில் அது இருந்தது.

நேசையன் அந்த வாளியைப் பார்த்தார். கண்ணபிரான் வாளியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. இருந்தாலும், விரிகிற பைக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு சாமானை வைத்தால் அது பைக்கு முன்னால் போகுமா, ஆள் பக்கம் வருமா என்று யோசித்துப் பார்த்தார்.

"சார், வாளி வேண்டாமே. பின்னால வச்சிருவோம்."

"ஏன், தீப்பிடிச்சா நீ ஊதி அணைப்பியோ?"

"பெல்ட்டையாவது பூட்டிக்கிடுங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஏலே, எனக்கே வெல பேசுதியா? வண்டிய எடு."

கார் மடவார்வளாகத்தைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் ஏறியது. வெயில் நன்றாக விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்கள். நேசையன் இடது கையில் பெல்ட் நுனியையும் கியரையும் மாற்றி மாற்றிப் பிடித்தார். எதிரே ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு முழு ரோட்டையும் அடைத்தபடி வந்து, கடைசி நேரத்தில் ஒதுங்கிப் போனது. அதன் காற்று கதவுகளை ஆட்டியது. பேண்டேஜ் முடிச்சுகள் இறுகித் தளர்ந்தன. நேசையனின் கையிலிருந்த நுனி தானாகக் கீழே இறங்கி, சீட்டோரம் இருந்த பூட்டுக்குள் போனது.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னது சத்தம்?" என்றார் ராக்கப்பன்.

நேசையன் இடது கையால் பூட்டை மறைத்துக்கொண்டார்.

"பூட்டிட்டியா? கைய எடு, பாப்போம்." ராக்கப்பன் வாளியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தன் பெல்ட் நுனியை விட்டுவிட்டு, சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து நேசையனின் இடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

அப்போது இடதுபக்கக் கரும்புக் காட்டுப் பாதையிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரோடு ரோட்டில் ஏறியது. நேசையன் பிரேக்கை மிதித்தார், வலப்பக்கம் ஒடித்தார். கார் டிரெய்லருக்குத் தப்பி, வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நேராகப் போய் மோதியது.

பிறகு நடந்ததை நேசையனால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. பெல்ட் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. முன்னால் வெள்ளையாக ஏதோ வந்தது, முகம் அதில் பதிந்தது, அது உடனே தளர்ந்து மடியில் விழுந்தது. காரெல்லாம் மாவுபோலத் தூசி. தீபாவளி காலை வாசம். நேசையன் கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

இடது பக்கத்துப் பையும் சரியாகத்தான் விரிந்திருந்தது. அது வாளியைத் தள்ளியது. வாளி ராக்கப்பனைத் தள்ளியது. மூக்கு உடைந்து, தோள்பட்டை எலும்பு விலகி, முன் பற்கள் இரண்டு போயிருந்தன. தலையிலிருந்து கால் வரை மணல். நேசையன் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். ராக்கப்பன் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். ரத்தத்துக்கும் மணலுக்கும் நடுவிலிருந்து, பல் இல்லாத வாயால் சொன்னார்:

"மருந்து வாசம். நான் சொல்லல?"

டிராக்டர்காரர்தான் இருவரையும் டிரெய்லரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கதவுகளில் இருந்த பேண்டேஜ் துணியை அவிழ்த்து ராக்கப்பனின் தலையில் சுற்றியிருந்தார்கள்.

வாரியம் மூன்று வாரம் கழித்து விசாரித்தது. வேங்கடேசன் நடுவில் உட்கார்ந்தார். ராக்கப்பன் கையைக் கழுத்திலிருந்து தொட்டில்போலக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரே காரில், ஒரே சுவரில், ஒரே நேரத்தில் மோதிய இரண்டு பேரில் ஒருவர் விதிகளின்படி இருந்தார், அவருக்குப் பலத்த காயம். இன்னொருவருக்குத் தோளில் ஒரு சிவந்த கோட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் சந்தேகத்துக்குரியது என்று வாரியம் கருதியது.

"உனக்கு ஏன் அடிபடல?" என்று வேங்கடேசன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ள விரும்புகிறவர்போலத்தான் கேட்டார்.

"பெல்ட் பூட்டியிருந்தேன் சார். பெல்ட் பிடிச்சுக்கிட்டது, பை தாங்கிக்கிட்டது."

"அப்ப விபத்துக்கு முன்னாடியே பூட்டியிருக்க."

"பின்னாடி பூட்டி என்ன சார் செய்ய?"

"விபத்து வரும்னு உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

நேசையன் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதில்லை என்பது தெரிந்தது. எனக்குத் தெரியாது சார், அதனாலதான் எப்பவும் போடுறேன் என்றார். எப்பவும் என்ற சொல்லை வேங்கடேசன் குறித்துக்கொள்ளச் சொன்னார். மாதக்கணக்காக விதியை மீறிவந்ததற்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

மரகதவல்லி அம்மாள் எழுந்து, பிழைச்சது தப்பாய்யா என்று கேட்டார். பிழைத்ததில் வாரியத்துக்கு மகிழ்ச்சிதான், பிழைத்த முறையில்தான் ஆட்சேபணை என்று வேங்கடேசன் விளக்கினார். ராக்கப்பன் மடியில் வாளி இருந்தும் அடிபட்டதற்குக் காரணம் வாளி சிறியதாக இருந்ததுதான் என்று வெடிப் பிரிவு அறிக்கை கொடுத்திருந்தது. இனி பெரிய வாளி வைக்க வேண்டும் என்று பரிந்துரை.

இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது கார் பற்றியது. மருந்து தீர்ந்துபோனதால் வண்டி இப்போது ஷெட் அல்ல. கட்டுப் பிரிவு மட்டும் பார்த்தால் போதும், பெல்ட் பூட்டி ஓட்டலாம், வில்லை வழங்கப்படுகிறது. வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட முடியவில்லை, கண்ணாடி இல்லை. இரண்டாவது உத்தரவின்படி, மருந்துள்ள வண்டியில் பெல்ட் பூட்டியிருந்ததற்காக நேசையனின் லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது.

மரகதவல்லி அம்மாள் அவரை நீக்கவில்லை. பேண்டேஜ் சுற்றும் வேலையில் போட்டார். தானும் பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. கட்டுப் பிரிவுக்காக அழகியமணவாளன் ஒரு போஸ்டர் தயார் செய்தார். அதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. விசாரணைக் கோப்பில் நேசையனின் தோளில் இருந்த சிவந்த கோட்டை எடுத்த போட்டோ இருந்தது. அதைப் போட்டு, மேலே "பெல்ட் இவரைக் காப்பாற்றியது" என்று அச்சடித்து, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சுவர் சுவராக ஒட்டினார்கள். ஒன்றை வாரியத்தின் நடையில், வெடிப் பிரிவுக் கதவுக்கு எதிரே ஒட்டினார்கள்.

நேசையன் அதைப் பார்த்துவிட்டு லைசென்ஸைக் கேட்க வாரியத்துக்குப் போனார். கெடு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள்.